எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடு

அக்டோபர் 6, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். மூன்று மாத ஒப்பந்தம். மழை முடிந்தால் வேலையும் முடிந்தது. வாசலில் ‘வெள்ள எச்சரிக்கை மையம்’ என்று பலகை. உள்ளே இரண்டு கணினிகள், ஒரு மின்விசிறி, துணை வட்டாட்சியர் ஜெயவேல் சார். நல்ல மனிதர். தொலைபேசி அடித்தால் மட்டும் பயப்படுகிறார்.

ஆற்றில் ஐந்து கதவணைகள். ஒவ்வொன்றிலும் முறை வைத்து ஒரு லஸ்கர் இருப்பார். கதவுகளை ஏற்றி இறக்குவதும் நீரளவு பார்ப்பதும் அவர் வேலை. மணிக்கொருமுறை படியிறங்கி அளவுகோலைப் பார்த்து, அட்டவணையில் தேடி, வினாடிக்கு எத்தனை கன அடி ஓடுகிறது என்று குறுஞ்செய்தி அனுப்புவார். என் புரோகிராம் அந்த எழுத்தை எண்ணாக மாற்ற வேண்டும். கடைசிக் கதவணையில் அறுபதாயிரத்தைத் தாண்டினால் நாணல்திட்டில் இருக்கும் 412 கைபேசிகளுக்கும் இயந்திரமே அழைத்து, ‘உடனே வெளியேறுங்கள்’ என்று சொல்லும். நாணல்திட்டு ஆற்றுக்கு நடுவில் இருக்கிற ஊர். அறுபதாயிரம் வந்தால் மூன்று மணி நேரத்தில் படகுத்துறைக்குப் போகும் பாதை முழுகிவிடும். படகில் ஊரைக் காலி செய்ய இரண்டு மணி நேரமாவது வேண்டும்.

ஆக, எண் தப்பாமல் வந்து சேர வேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

தங்க மாடியில் ஒரு அறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மா, “ஒங்க வீட்டுக்காரரு எப்பம்மா வருவாரு?” என்றார். விடுப்புக் கிடைத்ததும் என்றேன்.

அக்டோபர் 8, புதன்

எனக்கு முன்னால் இந்த புரோகிராமை எழுதியவரைப் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும். கணினிக்கு 12,400 என்பது எண் இல்லை. ஒரு கமாவோடு சேர்த்து ஆறு எழுத்து. அதை அப்படியே எண்ணாக்கச் சொன்னால் 12 வரை படித்து, கமாவைக் கண்டதும் நின்றுவிடுகிறது. பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கன அடி ஓடுகிற ஆற்றில் பன்னிரண்டு கன அடி என்கிறது. பன்னிரண்டு கன அடியில் வாத்துகூட நீந்தாது.

கமாவை நீக்கி, செய்தி முழுவதும் எண்ணாக இருந்தால் மட்டும் ஏற்கும்படி மாற்றினேன். நான்கு கதவணைகள் சரியாகிவிட்டன. கடைசிக் கதவணை மட்டும் 0 காட்டுகிறது. அக்டோபர் மாதத்தில், ஆற்றில், பூஜ்யம். எண்ணாக மாற்ற முடியாவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொள் என அந்தப் புண்ணியவான் எழுதியிருக்கிறார். நாணல்திட்டுக்கு நேர் மேலே இருப்பது அந்தக் கதவணைதான்.

அக்டோபர் 9, வியாழன்

காரணம் தெரிந்தது. கடைசிக் கதவணையிலிருந்து வரும் செய்தி இப்படி இருக்கிறது: 12,400/-

தண்ணீரை யாராவது காசோலையில் எழுதுவதுபோல எழுதுவார்களா? அழைத்தேன். எடுத்தது ஒரு பெண். பெயர் தையல்நாயகி. லஸ்கராக இருந்த கணவர் வைத்தியலிங்கம் பணியில் இறந்ததால் கருணை அடிப்படையில் இவருக்கு அந்த வேலை. அவர் எழுதிய பழைய பதிவேடுகளைப் பார்த்துத்தான் வேலையைக் கற்றுக்கொண்டாராம்.

“அவரு போட்ட மாதிரியே போடுறேன் மேடம். பின்னால கோடு இல்லன்னா எவனாவது ஒரு சைபரச் சேத்துடுவான்னு சொல்லுவாரு. ஒரு சைபர் கூடுனா ஊரே முழுகிப்போவும்ல?”

சிரிப்பு வந்தது. கோடு இருக்கட்டும் அக்கா, நான் கழித்துக்கொள்கிறேன் என்றேன். செய்தியில் இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொள், மற்ற எல்லாவற்றையும் தூக்கி எறி என்று எழுதினேன். ஒரே வரி. எல்லாக் கதவணைகளும் சரியாகிவிட்டன. ஜெயவேல் சார் டீ வாங்கிக் கொடுத்தார்.

அக்டோபர் 14, செவ்வாய்

மழை. துணி காயவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நானே பணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஜெயவேல் சார் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மா பேசினாள்.

“மாப்பிள்ள பேசுனாரா அரசி?”

“பேசினாரும்மா.”

“எண்ணெ தேச்சுக் குளிச்சியா? சாப்ட்டியா?”

“எல்லாம் ஆச்சும்மா.”

பிஸ்கட் ஒரு பாக்கெட் தீர்ந்தது. திரையில் நாள் முழுக்க ஒன்பதாயிரம் சொச்சம். வெளியே வெடிச் சத்தம், உள்ளே மின்விசிறிச் சத்தம். சென்னையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் உரிமையாளரும் அழைத்தார். இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன என்றேன்.

நவம்பர் 3, திங்கள்

இன்று காலை பதினொரு மணிக்கு இயந்திரம் நாணல்திட்டில் இருக்கிற 412 பேரையும் அழைத்து வெளியேறச் சொன்னது. ஆற்றில் ஓடியது 32,600. திரையில் இருந்தது 3,26,007.

ஜனங்கள் உலையை அப்படியே விட்டுவிட்டு ஆடுகளை இழுத்துக்கொண்டு படகேறி, புயல் பாதுகாப்பு மையத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். நடவுக்கு வந்த ஆட்கள் திரும்பிப் போய்விட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி சேற்றில் விழுந்தாளாம். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஆளாளுக்கு இங்கே அழைத்து ஏசினார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ஜெயவேல் சார் எல்லா அழைப்பையும் எடுத்து மன்னிப்புக் கேட்டார்.

செய்தியை எடுத்துப் பார்த்தேன்.

32,600/- கதவு 7 தொறந்தாச்சு

இலக்கங்களை மட்டும் எடு என்று நான்தானே எழுதினேன். அந்த ஏழையும் எடுத்து ஒட்டிவிட்டது.

அறிக்கை கேட்டார்கள். ‘தரவு அனுப்பியவர் தேவையற்ற விவரங்களைச் சேர்த்ததால் நேர்ந்த பிழை’ என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய் இல்லை.

நவம்பர் 4, செவ்வாய்

பொய் இல்லைதான்.

இன்று வரியை மாற்றினேன். செய்தியின் தொடக்கத்தில் இருக்கும் எண்ணை மட்டும் எடுக்கும். அதற்குப் பின்னால் எது வந்தாலும் விட்டுவிடும். அக்டோபர் 9 அன்றே இப்படி எழுதியிருக்க வேண்டும். பதினைந்து வருட அனுபவம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

மேலிடத்து உத்தரவு என்று தையல்நாயகிக்கும் அழைத்தேன்.

“அக்கா, இனிமே நம்பர் மட்டும் அனுப்புங்க. வேற எதுவும் வேண்டாம்.”

“சரிங்க மேடம்,” என்றார். “மெமோ வந்துருக்கு மேடம். அவரு முப்பது வருசத்துல ஒரு மெமோ வாங்குனதில்ல.”

அறிக்கை எழுதியது நான் என்று சொல்லவில்லை.

“அதையெல்லாம் நீங்க படிக்கிறீங்கன்னு நெனச்சு எழுதிப்புட்டேன். அந்தக் கோடு மட்டும் போட்டுக்கட்டுமா?”

போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். ‘அதையெல்லாம்’ என்றால் எதையெல்லாம் என்று கேட்கத் தோன்றவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

விடுமுறை. இருந்தும் அலுவலகம் போனேன். அறையில் உட்கார்ந்து என்ன செய்வது.

வந்த செய்திகள் அப்படியே ஒரு பக்கத்தில் சேமிப்பாகும். எண்ணாக மாறியபிறகு யாரும் அதைத் திறப்பதில்லை. பிழை தேடும்போது ஓரிரு செய்தியைப் பார்த்ததோடு சரி, நானும் முழுதாகப் படித்ததில்லை. இன்று கடைசிக் கதவணையின் பக்கத்தைத் திறந்து, முதல் நாளிலிருந்து படித்தேன்.

8,250/- மேடம் வணக்கம் புதுசா வந்துருக்கீங்களாம்

8,400/- நண்டு கரையேறுது மழை வலுக்கும்

9,150/- இன்னைக்கி அவருக்குத் திதி. படையல் போட்டேன் சாப்புட ஆள் இல்ல

9,300/- தீவாளிக்கி ஊருக்குப் போவலயா நானும் போவல

9,300/- சாப்டீங்களா

9,350/- நாந்தான் கேட்டுக்கிட்டே இருக்கேன்

இப்படி நூற்றுக்கு மேல். நான்கு வாரமாக ஒரு பெண்பிள்ளை மணிக்கொருமுறை என்னிடம் பேசியிருக்கிறாள். நான் எழுதிய ஒரே வரி எல்லாவற்றையும் தூக்கி எறிந்திருக்கிறது. தீபாவளியன்று பன்னிரண்டு மணிக்கு ‘சாப்டீங்களா’ வந்திருக்கிறது. அப்போது நான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்திருப்பேன்.

நவம்பர் 4-க்குப் பிறகு எண்ணும் கோடும்தான். வேறு ஒரு சொல் இல்லை.

அழுதேன். இந்த நோட்டில் எழுதிவிடுகிறேன், வேறு யாரிடம் சொல்வது. என் கணவர் குணாளன் என்னை விட்டுப் போனது ஜூன் 14. வேலைக்காக இல்லை, விடுப்பிலும் வரப்போவதில்லை. அம்மாவுக்குத் தெரியாது. கடைசி இரண்டு வருடம் அவரிடம் நான் கேட்டதும் எண்ணைத்தான். எத்தனை மணிக்கு வருவீர்கள், எத்தனை தோசை ஊற்றட்டும். பதிலுக்குப் பின்னால் அவர் வேறு ஏதோ சொல்லியிருப்பார். ஒன்றுகூட நினைவில் இல்லை.

தையல்நாயகிக்கு அழைக்கலாம் என்று எடுத்தேன். எழுதாதே என்று சொல்லிவிட்டு இப்போது போய் என்ன சொல்வது? வைத்துவிட்டேன்.

நவம்பர் 15, சனி

11,050/-

நவம்பர் 21, வெள்ளி

தினம் டீ வந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. ஒருவேளை மறந்து ஏதாவது எழுதியிருப்பாரோ என்று. இல்லை. சொன்ன சொல் மாறாதவர். ஆனாலும் அவர் எண்ணை எங்கே பார்த்தாலும் தெரிகிறது. மற்றவர்கள் 14,000 என்பார்கள், 15,000 என்பார்கள். இவர் 14,350/- என்பார். அட்டவணையில் விரல் வைத்துப் பார்க்கிறார்.

நவம்பர் 27, வியாழன்

காற்றழுத்தத் தாழ்வு நிலை. மாலையில் 44,850/-. ஜெயவேல் சார் மாற்றுச் சட்டை கொண்டுவந்துவிட்டார்.

நவம்பர் 29, சனி

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அறிக்கைக்கும் உதவும்.

காலை எட்டு மணிக்கு 51,150. ஒன்பதுக்கு 53,200. பத்து மணிக்கு எண் வரவில்லை. ‘எண் வரவில்லை’ என்று இயந்திரமே நினைவூட்டல் அனுப்பியது. பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு 53,500. பதினொன்றுக்கு 54,000. பன்னிரண்டுக்கு 54,500. திரையில் அழகான ஒரு கோடு, மெதுவாக ஏறிக்கொண்டு.

“நிதானமாத்தான் ஏறுது மேடம். சாயந்தரம் வரைக்கும் கவலையில்ல,” என்றார் ஜெயவேல் சார்.

மழையில் டீ தாமதமாகத்தான் வந்தது. வழக்கம்போல அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.

51,150/-
53,200/-
53500
54000
54500

என் புரோகிராமுக்கு இந்த ஐந்திலும் வித்தியாசமே இல்லை. ஐந்தும் முழு எண். கமா இல்லை, கோடு இல்லை, எல்லாம் ஐந்நூறு ஐந்நூறாக ஏறுகிறது. இதை அனுப்பியது தையல்நாயகி இல்லை. அனுப்பியது யாரோ, அவர் அளவுகோலைப் பார்க்கவும் இல்லை.

அவருடைய சொந்த எண்ணுக்கு அழைத்தேன். அணைந்திருந்தது. கதவணை அலுவலகக் கைபேசிக்கு அழைத்தேன். கலியபெருமாள் என்பவர் எடுத்தார். அங்கே இன்னொரு லஸ்கர்.

“தையல்நாயகி அக்கா எங்க?”

“அளவு பாக்க எறங்குனாங்க மேடம். அப்டியே வீட்டுக்குப் போயிருப்பாங்க.”

“எப்ப எறங்குனாங்க?”

“பத்துக்கு முன்ன இருக்கும்.”

“இந்த 54,500 நீங்க கீழ போயிப் பாத்ததா?”

“படி வழுக்குது மேடம். மேலேருந்து பாத்தாலே உத்தேசமாத் தெரியுந்தானே.”

“இப்பவே கீழ எறங்குங்க. மொதல்ல அக்காவப் பாருங்க. அப்பறம் அளவப் பாருங்க.”

ஜெயவேல் சாரிடம் சொன்னேன். ஒன்பது மணிக்குப் பிறகு நம்மிடம் உண்மையான எண்ணே இல்லை, நாணல்திட்டை இப்போதே அழைக்க வேண்டும் என்றேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பின்னாடி ஒரு கோடு இல்லைன்னு நானூறு பேர வெளியேத்த முடியுமா மேடம்? போன தடவையே எவ்வளவு பேச்சு வாங்கினோம். இன்னொரு தடவை பொய்யாப் போச்சுன்னா அப்பறம் நெஜமா வரும்போது எவனும் நகர மாட்டான். அறுபதாயிரம் வரட்டும். வந்தா அழைப்பு அது பாட்டுக்குப் போயிடும்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. போன தடவை பொய்யாக்கியவள் நான்தானே. இன்றைக்கு அவர்கள் நகராமல் போனால் அதற்கும் நான்தான் காரணம்.

சோதனைக்காக நானே ஒரு செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது. கடைசிக் கதவணையின் பெயரில் 60,001/- என்று தட்டி அனுப்பினேன். இயந்திரம் கமாவை எடுத்தது, கோட்டை விட்டது, எண்ணாக்கியது, நம்பியது. பன்னிரண்டு மணி இருபது நிமிடத்துக்கு 412 கைபேசிகளும் அடிக்கத் தொடங்கின. ஜெயவேல் சார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

முதலில் பாதிப்பேர்கூட அசையவில்லை. ‘புலி வருது’ கதைதானே என்று ஒருவர் இங்கேயே அழைத்துச் சிரித்தார்.

பன்னிரண்டு முப்பத்தொன்றுக்குக் கலியபெருமாள் அழைத்தார். கத்தினார். மூன்றாவது தூணுக்குப் பின்னால், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், தையல்நாயகி கிடந்திருக்கிறார். படியில் சறுக்கிக் கால் முறிந்து, கைபேசி ஆற்றில் போய், இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. விழும்போது இரண்டு படி கீழே இருந்த தண்ணீர் இப்போது மார்பு வரை. நாலாவது கதவணைக்கும் இதற்கும் நடுவில் ஆற்றில் சேருகிற வடிகால் உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. மேல்கதவணைகளுக்கு அது தெரியவே தெரியாது.

இரண்டு ஆட்களோடு தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். அந்த நிலையிலும் அவர் எண்ணைச் சொல்லியிருக்கிறார். கலியபெருமாள் அப்படியே தட்டி அனுப்பினார்.

66,400/-

அதைப் பார்த்ததும் ஜெயவேல் சார் தொலைபேசியை எடுத்தார். அவர் பயந்து நான் பார்த்த தொலைபேசிதான். நாணல்திட்டின் ஊராட்சித் தலைவர், படகுக்காரர்கள், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொருவராக அழைத்தார். “நான் பொய் சொன்னா என் வேலைய எடுத்துக்கிங்க. கெளம்புங்க,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசிப் படகு இரண்டு நாற்பதுக்குக் கரை சேர்ந்தது. மூன்று மணிக்குப் பாதை தெரியவில்லை. பதினேழு ஆடுகள் போயின. ஆட்கள் எல்லாரும் இருக்கிறார்கள்.

நவம்பர் 30, ஞாயிறு

இரண்டு அறிக்கைகள் எழுதினேன்.

ஒன்று நேற்று முன்தினத்தைப் பற்றி. 60,001 என்பது ஆற்றின் எண் இல்லை, நான் தட்டியது என்று எழுதினேன். இன்னொன்று நவம்பர் 3-ஐப் பற்றி. பிழை தையல்நாயகியுடையது இல்லை, என் புரோகிராமினுடையது. முதல் அறிக்கையில் அதை மறைத்தேன். அவருக்குக் கொடுத்த மெமோவைத் திரும்பப் பெற வேண்டும் என்று எழுதினேன். இருபத்தேழு நாள் தாமதம்.

ஜெயவேல் சார் இரண்டையும் படித்தார். “மெமோ இப்ப உங்களுக்கு வரும் மேடம்,” என்றார். வரட்டும் என்றேன். “மொத காரியமா அந்த அம்மாவோடத ரத்து பண்ணச் சொல்றேன்,” என்று கையெழுத்துப் போட்டார்.

டிசம்பர் 1, திங்கள்

மழை விட்டிருக்கிறது. காலை ஏழு மணிக்கே வந்து புரோகிராமில் ஒரு மாற்றம் செய்தேன். எண்ணை எடுத்தபின் மிச்சமிருப்பதை இனிமேல் எறியாது. எண்ணுக்குப் பக்கத்திலேயே ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம், திரையில், எல்லாரும் பார்க்கும்படி. கடைசிக் கதவணையின் எண்ணில் கோடு காணாமல் போனால் சிவப்பாகும்.

எட்டு மணிக்கு அந்தக் கட்டத்தில் முதல் குறிப்பு வந்தது. புது எண்ணிலிருந்து. கணவரின் பதிவேட்டைப்போல கடைசிக் கதவணைக்கென இயந்திரத்தில் ஒதுக்கிய எண்ணையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்போல.

0/- பெரியாஸ்பத்திரில இருக்கேன். கால்ல மாவுக்கட்டு. எழுதக் கூடாதுன்னு சொன்னீங்க மன்னிச்சிக்கிங்க. சாப்டீங்களா

இயந்திரம் பூஜ்யத்தை எடுத்துக்கொண்டது. கடைசிக் கதவணையில் தண்ணீரே இல்லை என்று திரை சொன்னது. ஜெயவேல் சார் பார்த்துவிட்டு, “இத நான் கவனிச்சிக்கிறேன், நீங்க அவங்களுக்கு பதில் போடுங்க,” என்றார்.

அம்மாவிடம் சொல்வதுபோல எல்லாம் ஆச்சு என்று தட்டிவிட்டு, அதை அழித்தேன்.

‘இன்னும் இல்லைக்கா. ரெண்டு மாசமா ஒழுங்கா சாப்பிடல. என் வீட்டுக்காரர் ஜூன்ல என்னை விட்டுட்டுப் போயிட்டார். யாருகிட்டயும் சொல்லல. நீங்க எழுதினதெல்லாம் படிச்சேன், ரொம்ப லேட்டா. மெமோ என்னால வந்தது. மேடம்னு சொல்லாதீங்க, என் பேரு மங்கையர்க்கரசி.’

பதில் வர நான்கு நிமிடம் ஆனது.

இட்லி 4/- வச்சிருக்கேன். நேர்ல வந்து சொல்லு அரசி

தொடக்கத்தில் எண் இல்லை என்று இயந்திரம் அதைத் திருப்பி அனுப்பப் பார்த்தது. அதற்குள் நான் படித்துவிட்டேன். பெரியாஸ்பத்திரிக்கு ஒன்பது பத்துக்கு ஒரு பேருந்து இருக்கிறது.